திரிந்த பாலும் கெட்ட பாலும் ஒன்றல்ல

நம் மளிகைக் கடைகளில் விற்கும் சரக்குகளிலேயே லாபம் குறைவானதும், ஆயுள் குறைவானதும், சச்சரவு அதிகமானதும் பால் பாக்கெட்தான். ஆனாலும் அதை வேண்டாம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. காலையில் பாலுக்காகக் கடைப்படி ஏறும் வாடிக்கையாளர்தான் சர்க்கரையும் காப்பித் தூளும் ரொட்டியும் சேர்த்து வாங்கிப் போகிறார். பால் இல்லாத கடைக்குக் காலை வியாபாரம் பாதிதான்.

"நேத்து வாங்கின பால் திரிஞ்சு போச்சுங்க, பாருங்க" என்று பாத்திரத்தோடு வாடிக்கையாளர் வந்து நிற்கும்போது நம்மவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "எங்களிடம் வாங்கின மற்றவர்கள் யாரும் சொல்லவில்லையே" என்று வாதாடுகிறார்கள். அல்லது ஒன்றும் பேசாமல் வேறு பாக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டு, நஷ்டத்தைத் தம் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். முதலாவதில் வாடிக்கையாளர் போய்விடுவார். இரண்டாவதில் பணம் போகும். காரணம் தெரியாததால் அதே தவறு மறு வாரமும் நடக்கும். அரிசியை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து, பருப்பைப் பல்லில் கடித்து, மிளகாய் வற்றலை உடைத்து முகர்ந்து விலை பேசும் நாம், பாலை மட்டும் உறையில் அச்சிட்ட தேதியை நம்பி இறக்கி வைக்கிறோம். பாலுக்கும் நாவும் மூக்கும் கண்ணும் பயன்படும். எப்படிக் கெட்டது என்று கண்டுகொண்டால், எங்கே கெட்டது என்பதையும் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். அதற்கான பாடம்தான் இது.

நல்ல பால் எப்படி இருக்கும்?

கெட்டதை அறிய வேண்டுமானால் முதலில் நல்லதை அறிந்திருக்க வேண்டும். நல்ல பாலுக்கு மணம் மிகக் குறைவு. சுவை இலேசான இனிப்பு, அதன் அடியில் மிக மெல்லிய உப்பு. இனிப்பு வருவது பாலில் ஏறத்தாழ நூற்றுக்கு 5 பங்கு இருக்கும் பால் சர்க்கரையால். விழுங்கிய பிறகு வாயில் எதுவும் ஒட்டி நிற்கக் கூடாது. நாக்கில் ஒரு கசப்போ, தொண்டையில் ஒரு காறலோ தங்கினால் அது குறை என்றே கொள்க.

நிறத்தை வைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். பசும்பால் சற்றே மஞ்சள் சாயலுடன் இருக்கும். தீவனப் பசுமையிலிருந்து வரும் கரோட்டின் என்னும் பொருள் அதன் கொழுப்பில் கலந்திருப்பதே காரணம். எருமைப் பால் வெள்ளை வெளேரென்று இருக்கும். ஆகவே மஞ்சளாக இருப்பது பழையது என்றோ, வெளுத்திருப்பது தண்ணீர் கலந்தது என்றோ முடிவு கட்டக் கூடாது. கறந்த பாலில் மேலே ஆடை மிதப்பதும் குறையல்ல. நன்றாகச் சூடாக்கிப் பதப்படுத்திய பாலில் வரும் காய்ச்சிய வாசமும் குறையல்ல. அட்டைப்பெட்டியில் வரும் நீண்ட நாள் பாலில் அது கூடுதலாகவே இருக்கும். "இதில் ஏதோ வாசம் அடிக்கிறது" என்று சொல்லும் புது வாடிக்கையாளருக்கு இதை எடுத்துச் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு யோசனை. ஒரு வாரம், தினமும் வந்திறங்கும் பாலில் இரண்டு கரண்டியைக் காய்ச்சி, ஆற வைத்து, சர்க்கரை போடாமல் கவனித்துக் குடித்துப் பாருங்கள். தேயிலைக்கும் காப்பிக்கொட்டைக்கும் சுவை பார்க்கிறவர்கள் இப்படித்தான் நாவைப் பழக்குகிறார்கள். பழகிய நாவுக்கு மாறுதல் தெரிய அதிக நாள் ஆகாது.

முகரவும் சுவைக்கவும் முறை உண்டு

குளிர்ந்த பாலில் வாசம் அடங்கிக் கிடக்கும். பிரிட்ஜிலிருந்து எடுத்த பாக்கெட்டின் மூலையை வெட்டி முகர்ந்துவிட்டு "ஒன்றும் இல்லையே" என்பது பயனில்லாத சோதனை. ஒரு கண்ணாடி டம்ளரில் கால் பங்கு பால் ஊற்றி, டம்ளரை வெந்நீர்ப் பாத்திரத்தில் சிறிது நேரம் நிறுத்தி, கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். உள்ளங்கையால் வாயை மூடி ஒருமுறை சுழற்றி, கையை எடுத்த அதே நொடியில் முகர வேண்டும். முதல் முகர்ச்சிதான் கணக்கு. திரும்பத் திரும்ப முகர்ந்தால் மூக்கு மரத்துப் போகும். கெட்ட வாசமும் பழகிப்போய் நல்லதாகத் தெரியும். பால் பண்ணைகளில் கேன்கள் வந்திறங்கும் மேடையிலும் இதுவே முறை. மூடியைத் திறந்தவுடன் அங்கே நிற்பவர் முகர்கிறார். அவர் தலையசைத்த பிறகுதான் மற்றச் சோதனைகள் நடக்கும். எத்தனையோ கருவிகள் வந்த பின்னும் அந்த மேடை மூக்கை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை.

வெற்றிலை, புகையிலை, மூக்குப்பொடி போட்ட உடனேயும், பெருங்காயம் பொட்டலம் கட்டிய கையோடும் இந்தச் சோதனை செய்யக் கூடாது. நம் கடைகளில் இது பெரிய தடைதான். காலையில் கடை திறந்தவுடன், வேறு டப்பாக்களைத் தொடுமுன் செய்துவிடுவதே நல்லது.

சுவைப்பதற்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. வாசமே கெட்டிருந்தால் வாயில் வைக்கவே கூடாது. கறந்தபடியே வரும் பச்சைப் பாலை ஒருபோதும் காய்ச்சாமல் சுவைக்கக் கூடாது. மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் புருசெல்லா காய்ச்சலும் மாட்டுக் காசநோயும் அந்த வழியாக வரக்கூடியவை. பதப்படுத்திய பாக்கெட் பாலானால் ஒரு தேக்கரண்டி அளவு வாயில் வாங்கி, நாக்கு முழுதும் படும்படி சுழற்றித் துப்பிவிட்டு, வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விட வேண்டும். அந்த மூச்சில்தான் காறலும் மக்கலும் தெரியும். அடுத்ததைப் பார்க்குமுன் வெதுவெதுப்பான நீரால் வாய் கொப்பளிக்க வேண்டும்.

கண்ணுக்கும் வேலை உண்டு. டம்ளரைச் சாய்த்து நிமிர்த்தினால் கண்ணாடியில் பால் ஒரே சீராக வழிந்து இறங்க வேண்டும். வெண்மணல் தூவியதுபோல் துகள்கள் ஒட்டி நின்றால் திரிவு தொடங்கிவிட்டது என்று பொருள்.

புளித்துக் கெட்ட பால்

நமக்கெல்லாம் தெரிந்த வகை இதுதான். பாலில் இருக்கும் நுண்ணுயிர்கள் பால் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாக்குகின்றன. வீட்டில் உறைமோர் ஊற்றித் தயிராக்கும்போது நடப்பதும் இதே வேலைதான். அங்கே நாம் அழைத்த நுண்ணுயிர், இங்கே அழைக்காமல் வந்தது.

அளவுகளைத் தெரிந்துகொண்டால் பல சச்சரவுகளுக்கு விடை கிடைக்கும். நல்ல பாலில் அமிலத்தன்மை, லாக்டிக் அமிலக் கணக்கில், நூற்றுக்கு 0.13 முதல் 0.17 வரை இருக்கும். அது 0.2-ஐக் கடந்து சற்று ஏறினாலே அடுப்பில் வைத்தவுடன் பால் திரியும். தானாகவே கட்டியாக உறைய 0.5, 0.6 என்ற அளவுக்குப் போக வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது இடைப்பட்ட நிலை. அமிலம் 0.2-ஐத் தாண்டிய நேரத்தில் பால் பார்வைக்கு நன்றாக இருக்கும். முகர்ந்தாலும் பலருக்கு ஒன்றும் தெரியாது. பச்சையாகப் பார்த்தால் நல்ல பால், கொதித்தால் திரிந்த பால். "கடையில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது" என்று நாம் சொல்வதும் உண்மை. "வீட்டில் போய் வைத்தவுடன் திரிந்தது" என்று அவர் சொல்வதும் உண்மை.

ஆகவே மூக்கை மட்டும் நம்பாமல் காய்ச்சிப் பார்க்கும் சோதனையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு தேக்கரண்டிப் பாலைச் சோதனைக் குழாயிலோ சிறு எவர்சில்வர் கிண்ணத்திலோ எடுத்து, கொதிக்கும் நீரில் 5 நிமிடம் நிறுத்தி, எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். துகள் கட்டினால் அந்தப் பால் விற்பனைக்கு உரியதல்ல. கூட்டுறவுச் சங்கத்துப் பால் சேகரிப்பு மையம் முதல் பெரிய பண்ணை வரை நடக்கும் சோதனைதான் இது. செலவு ஒன்றும் இல்லை.

புளிப்பு ஏறுவதற்குக் காரணம் வெப்பமும் நேரமும். சித்திரை வெயிலில் கடை வாசலில் கிடக்கும் டப்பில், தோதான நுண்ணுயிர் அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒன்று 5 மணி நேரத்தில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். விடியற்காலை 4 மணிக்கு வேன் இறக்கிவிட்டுப் போன டப்பு, கடை திறக்கும் 6 மணி வரை வாசலில் கிடந்தால், அந்த 2 மணி நேரம் மாலையில் வாடிக்கையாளர் வீட்டு அடுப்பில் தெரியும். பதப்படுத்துதல் என்பது பாலை 63 டிகிரியில் அரை மணி நேரமோ, 72 டிகிரியில் 15 நொடியோ சூடாக்கிக் குளிர வைப்பது மட்டுமே. நோய்க் கிருமிகளை அது கொல்லும். எல்லா நுண்ணுயிர்களையும் கொல்லாது. மிச்சம் இருப்பவற்றை அடக்கி வைப்பது 5 டிகிரிக்குக் குறைந்த குளிர்தான்.

எனவே புளிப்பு வாசத்தோடு திரும்பி வரும் பாக்கெட் எங்கோ குளிர் அறுந்து போனதைச் சொல்கிறது. வேனிலா, நம் வாசலிலா, மின்வெட்டில் நின்ற நம் பிரிட்ஜிலா, வாடிக்கையாளர் வீட்டு மேடையிலா என்று தேட வேண்டும். 2012 வாக்கில் நீண்ட மின்வெட்டு இருந்த நாட்களில் இந்தப் புகார் மிகுந்திருந்ததைப் பழைய கடைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

புளிக்காமலே திரியும் பால்

இனிச் சொல்வதுதான் நம்மவர்கள் பலர் அறியாதது. பாக்கெட் பால் காலத்தில் புளிக்காமலே திரியும் பால் உண்டு. வாசம் இல்லை, நாக்கில் புளிப்பு இல்லை, தேதியும் கடக்கவில்லை. ஆனால் கொதித்தால் திரிகிறது, அல்லது சூடான காப்பியில் ஊற்றினால் வெள்ளைச் செதில்களாக மிதக்கிறது. வாடிக்கையாளர் இதைக் கண்டு "மருந்து கலந்த பால்" என்று முடிவு கட்டுகிறார். கடைக்காரர் "புளிப்பே இல்லையே, உங்கள் பாத்திரம்தான் சரியில்லை" என்கிறார். இருவர் சொல்வதும் பெரும்பாலும் சரியல்ல.

நடப்பது இதுதான். குளிரிலும் வளரக்கூடிய நுண்ணுயிர்கள் சில உண்டு. சூடோமோனாஸ் என்ற இனம் பதப்படுத்தும் சூட்டில் செத்துவிடும். ஆனால் பண்ணைக்கு வருமுன் பச்சைப் பாலில் அது கக்கி வைத்த நொதிகள் அந்தச் சூட்டுக்கு அசைவதில்லை. பேசில்லஸ் என்ற இனமோ கெட்டியான வித்துகளாக மாறிச் சூட்டைத் தாங்கிக்கொள்கிறது. பிறகு பாக்கெட்டுக்குள் முளைத்து மெல்ல வளர்கிறது. இவை பால் சர்க்கரையைத் தொட்டு அமிலமாக்குவதைவிட, பாலின் புரதத்தையே வெட்டுகின்றன. வெளிநாடுகளில் பாலாடைக்கட்டி செய்யக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியை ஊற்றுவார்கள்; அமிலம் இல்லாமலே பால் உறையும். அதே வேலையை இந்த நுண்ணுயிர்கள் நம் பிரிட்ஜில் செய்கின்றன.

இதன் அடையாளம் கசப்பு. முதலில் இனிப்பாகவே தெரியும். துப்பிய பிறகு நாக்கின் அடியில் பாகற்காய்ச் சாயலில் ஒரு கசப்பு எழும். சில பாக்கெட்டுகளில் அடிமூலையில் மெத்தென்ற கட்டி கைக்கு அகப்படும், மேலே பால் நீர்த்திருக்கும். காப்பியில் மிதக்கும் செதில்களும் இந்த வகையே. இவற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற இனமும் அடக்கம். அது வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாக்கக் கூடியது. புளிக்கவில்லை என்பதால் இதை லேசாக எண்ணக் கூடாது.

புளித்த திரிவா, புளிக்காத திரிவா என்று எப்படிப் பிரிப்பது? வாடிக்கையாளர் கொண்டுவந்த பாத்திரத்தில் பிரிந்து நிற்கும் தெளிந்த நீரைக் கவனிக்க வேண்டும். அதைக் குடித்துப் பார்க்கச் சொல்லவில்லை. ஆய்வகச் சாமான் கடைகளில் கிடைக்கும், நுண்ணிய படிகள் காட்டும் பி.எச். காகிதத்தில் ஒரு துண்டை அதில் நனைத்தால் போதும். நல்ல பால் 6.6 முதல் 6.8 வரை காட்டும். திரிந்த நீர் அந்த அளவுக்கு நெருங்கி நின்றால் புளிப்பு காரணமல்ல. நன்றாக இறங்கியிருந்தால் அமிலம்தான் காரணம். அது பாலில் ஊறியதா, பாத்திரத்தில் ஒட்டியிருந்ததா என்பது அடுத்த கேள்வி. ஒரு கட்டுக் காகிதம் பல மாதம் வரும். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில், ஈரம் படாமல் ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளலாம்.

புளிப்பு வெப்பத்தைக் காட்டுகிறது என்றால், கசப்பு நாட்களைக் காட்டுகிறது. பால் குளிரில்தான் இருந்திருக்கிறது. ஆனால் அளவுக்கு மேல் நாள் கடந்திருக்கிறது, அல்லது பச்சைப் பாலாக இருந்தபோதே பண்ணைத் தொட்டியில் அதிக நேரம் கிடந்திருக்கிறது, அல்லது பாக்கெட் போடும் குழாய் சரியாகக் கழுவப்படவில்லை. நேற்று மிஞ்சிய பாக்கெட்டைப் பிரிட்ஜின் அடியில் தள்ளிப் புதுசை முன்னால் அடுக்கும் கடைகளில் முதல் காரணம் இருக்கும். ஒரே பேட்ச் எண் கொண்ட பாக்கெட்டுகள், வந்த அன்றே பல வீடுகளில் இப்படித் திரிந்தால், குறை நம் கடையில் இல்லை. முகவரிடம் உறுதியாகப் பேசலாம். "எல்லாம் கஸ்டமர் வீட்டுப் பாத்திரக் கோளாறு" என்று வழக்கமாகச் சொல்லும் முகவர்கள் உண்டு. பேட்ச் எண்ணும் காகித அளவும் எழுதி வைத்திருக்கும் கடைக்காரரிடம் அந்தப் பேச்சு எடுபடாது.

வாடிக்கையாளர் அடுப்படியில்

பாத்திரக் கோளாறும் இல்லாமல் இல்லை. புளி கரைத்த பாத்திரத்தை அவசரமாக அலசிப் பால் ஊற்றுவது, மோர் இருந்த தூக்கில் பால் வாங்குவது, காலைப் பால் மிச்சத்தோடு மாலைப் பாலைக் கலந்து காய்ச்சுவது ஆகியவை எல்லோரும் அறிந்தவை. பாயசத்துக்குக் கொதிக்கும் பாலில் வெல்லத்தை அப்படியே போட்டால் நல்ல பாலும் திரியும். வெல்லம் கரைந்து ஆறிய பிறகு பால் சேர்ப்பதே வழக்கம்.

அதிகம் அறியப்படாதது இஞ்சி. பச்சை இஞ்சியில் புரதத்தை வெட்டும் நொதி ஒன்று இருக்கிறது. இஞ்சியைத் தட்டிப் பாலில் போட்டு மெல்லச் சூடேற்றினால் பால் திரிவதற்கு அதுவே போதும். தண்ணீரிலும் தேயிலையிலும் இஞ்சியை முதலில் நன்றாகக் கொதிக்கவிட்டால் நொதி செத்துவிடும். பிறகு பால் ஊற்றலாம். டீக்கடைகளுக்கு மொத்தமாகப் பால் கொடுக்கும் அன்பர்கள் இதைச் சொல்லி வைத்தால் வாரத்துக்கு ஒரு தகராறாவது குறையும். இத்தகைய வீடுகளிலும் கடைகளிலும் அதே பேட்ச் பாக்கெட் ஒன்றைச் சுத்தமான பாத்திரத்தில் வெறுமனே காய்ச்சிக் காட்டினால் வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

மற்ற வாடைகள்

பழைய தேங்காய் எண்ணெயில் வரும் காறல் வாடை நமக்குத் தெரியும். பாலின் கொழுப்பு உடைந்தாலும் அதே குடும்பத்து வாடைதான் வரும். சோப்புச் சுவையும் ஆட்டு வாடையும் கலந்ததுபோல் இருக்கும். பச்சைப் பாலை அதிகம் குலுக்கிக் கொண்டுவந்தாலும், பால் வற்றும் பருவத்து மாட்டின் பால் கலந்தாலும் இது வரும்.

வெயிலிலோ பளீரென்ற விளக்கின் கீழோ கிடந்த பாக்கெட்டுக்கு வேறு வாடை உண்டு: நனைந்த அட்டை, கருகிய இறகு போன்றது. பாலிலுள்ள ரிபோஃபிளேவின் என்ற வைட்டமின் ஒளியை வாங்குவதால் வருவது அது. ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரம் பட்ட பாலில் உலோகச் சுவை ஏறும்.

மளிகைக் கடைக்கே உரிய குறை ஒன்று உண்டு. பால் கொழுப்பு வாடையை இழுத்துக்கொள்ளும். பால் பாக்கெட்டின் மெல்லிய உறையும் வாடையை முழுதாகத் தடுப்பதில்லை. கருவாடு, பெருங்காயம், ஃபினாயில், கற்பூரம், கொசுவர்த்தி ஆகியவற்றின் பக்கத்தில் டப்பு வைக்கும் பழக்கத்தை விட வேண்டும். பிரிட்ஜில் நறுக்கிய வெங்காயத்தோடு பாலை வைப்பதும் அப்படித்தான். மாடு தின்ற தீவனத்தின் வாடையும் பாலில் வரும். காய்ச்சினால் ஓரளவு குறையும். அது கெட்டது ஆகாது.

உப்புக் கரிக்கும் பால் மடிநோய் கண்ட மாட்டுடையதாக இருக்கலாம். இளஞ்சிவப்புச் சாயல் இரத்தக் கலப்பைக் காட்டும். கரண்டியால் தூக்கினால் நூல் விடும் பாலை யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும். கன்று ஈன்ற சில நாட்களுக்குள் கறந்த சீம்பால் காய்ச்சினால் கட்டியாவது இயல்பு. அதில் புரதம் மிகுதி, கெடுதல் அல்ல. பால் பவுடர் டின்னைத் திறந்தவுடன் மெழுகு வாடை அடித்தாலோ, பழுப்பேறிக் கட்டி தட்டியிருந்தாலோ அது பழையது. அட்டைப்பெட்டிப் பால் உப்பியிருந்தால் தேதி எவ்வளவு இருந்தாலும் திறக்கக்கூட வேண்டியதில்லை.

கெடவே கெடாத பால்

சில கடைக்காரர்கள் "எங்கள் பால் ஒரு நாள் முழுதும் வெளியில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது" என்று பெருமையாகச் சொல்வதுண்டு. கடும் வெப்பத்தில் பதப்படுத்தி, காற்றுப்புகாமல் அடைத்த பெட்டிப் பால் அப்படி இருப்பது இயல்பு. அதுவும் திறக்கும் வரைதான். சாதாரண பாக்கெட் பாலோ, கேன் பாலோ அப்படி இருந்தால் மகிழ்ச்சி அடைய ஒன்றுமில்லை. புளிப்பை மறைக்கச் சோடா உப்பு கலந்திருக்கலாம். அப்படிப்பட்ட பாலில் இலேசான சோப்புச் சுவை இருக்கும், விரல்களுக்கிடையே வழவழக்கும், பி.எச். காகிதம் வழக்கத்தை விட மேலே காட்டும். கெடாமல் இருக்க வேறு இரசாயனம் ஊற்றியிருந்தால் உறைமோர் விட்டாலும் தயிர் சரியாகத் தோயாது. மாட்டுக்குப் போட்ட மருந்து பாலில் மிஞ்சியிருந்தாலும் தயிர் தோயாமல் போகும். வீட்டில் தயிர் உறையவில்லை என்ற புகாரையும் பால் புகாராகவே குறித்துக்கொள்க. கேன் பால் வாங்குவோர், சிறிது பாலைக் காய்ச்சி ஆறவைத்து இரண்டு சொட்டு டிங்சர் அயோடின் விட்டுப் பார்க்கலாம். நீலமானால் மாவு கலந்திருக்கிறது.

நாவுக்கும் மூக்குக்கும் எட்டாதது

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. புலன் சோதனை கெட்டதைக் காட்டும். நல்லது என்று உறுதி தராது. நோய்க் கிருமிகள் பல, வாசமோ சுவையோ மாறாமலே பாலில் இருக்கும். பண்ணைகளில் பச்சைப் பாலுக்கு நீலச் சாயச் சோதனை ஒன்று செய்கிறார்கள். மெதிலீன் நீலம் விட்ட பால் நிறம் இழக்க 5 மணி நேரத்துக்கு மேல் பிடித்தால் மிக நல்லது. அரை மணியில் வெளுத்தால் நுண்ணுயிர் மலிந்த மட்டமான பால். இரண்டையும் பக்கத்தில் வைத்து முகர்ந்தால் வித்தியாசம் தெரியாமலும் போகலாம். சில நுண்ணுயிர்கள் விட்டுச் செல்லும் நஞ்சு கொதித்தாலும் அழியாது. ஆகவே "காய்ச்சினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி, சந்தேகப்பட்ட பாக்கெட்டை டீக்கடைக்கோ இனிப்புக் கடைக்கோ பாதி விலைக்குத் தள்ளிவிடும் வழக்கம் நம்மிடையே எங்கே இருந்தாலும் அது நிற்க வேண்டும். அந்தப் பால் எந்தக் குழந்தையின் புட்டியில் போய்ச் சேரும் என்பது நமக்குத் தெரியாது.

சட்டமும் இதைச் சொல்கிறது. 1954ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டத்தின் இடத்தில், 2011 ஆகஸ்டு முதல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006 நடைமுறையில் இருக்கிறது. அதன் 27ஆம் பிரிவு, விற்பவர் எவற்றுக்குப் பொறுப்பு என்று சொல்கிறது: காலாவதியான பின் விற்றது, சுகாதாரக் கேடாக வைத்திருந்தது, முத்திரை விவரம் தவறாக உள்ளது, யாரிடம் வாங்கியது என்று காட்ட முடியாதது, பாதுகாப்பற்றது என்று தெரிந்தே வாங்கியது. இவற்றில் நான்காவதுதான் நம்மவர்களைச் சிக்க வைக்கும். பால் முகவர்கள் பலர் பில் தருவதில்லை, நாமும் கேட்பதில்லை. 26ஆம் பிரிவின்படி நமக்குச் சரக்கு தருபவரின் பில்லே அவருடைய உத்தரவாதமாகக் கொள்ளப்படும். ஆகவே தினசரி சீட்டாவது வாங்கி, தேதி வாரியாகக் கம்பியில் குத்தி வைப்பது நமக்குக் காப்பு.

காலை வழக்கம்

வேன் வரும் நேரத்தில் ஆள் இருக்க வேண்டும். முடியாவிட்டால் வெயில் படாத, நாய் பூனை அண்டாத மூடிய இடத்தில் இறக்கச் சொல்ல வேண்டும். இரண்டு பாக்கெட்டுக்கு இடையில் ஒரு வெப்பமானியைச் செருகி எடுத்தால் வந்த சூடு தெரியும். அந்த எண்ணையும், நேரத்தையும், பேட்ச் எண்ணையும் ஒரு நோட்டில் குறிக்கலாம். கசியும் பாக்கெட்டுகளைத் தனியே எடுத்துவிட வேண்டும். ஊசித் துளை வழியே டப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கும், துடைத்து விற்பது தவறு. ஒவ்வொரு பேட்சிலும் ஒரு பாக்கெட்டுக்கு முகர்ச்சியும் காய்ச்சலும் போதும். அதே பாலில் கடைக்குக் காப்பி போட்டுக்கொள்ளலாம், வீணாகாது.

பிரிட்ஜின் கதவுப் பக்கம் உள்ளே இருப்பதை விடச் சூடானது; பாலை உள் தட்டில் வைக்க வேண்டும். பழையது முன்னால், புதியது பின்னால். மின்சாரம் போனால் கதவைத் திறந்து திறந்து பார்க்காமல் இருப்பதே குளிரைக் காக்கும்.

புகார் வந்தால் முதலில் பாத்திரத்தை வாங்கிப் பார்த்து, காகிதத்தை நனைத்து, வெற்று உறையைக் கேட்டு வாங்க வேண்டும். அதே பேட்சில் சீல் உடையாத ஒன்றை அவர் முன்பே காய்ச்ச வேண்டும். அதுவும் திரிந்தால் அந்த பேட்ச் முழுவதையும் விற்பனையிலிருந்து நிறுத்தி, காலையில் வாங்கிப் போனவர்களுக்குத் தெரிந்த வரையில் சொல்லி அனுப்ப வேண்டும். சிறு குழந்தை இருக்கும் வீடுகளுக்கு முதலில். திரியாவிட்டாலும் நெடுநாள் வாடிக்கையாளருக்கு ஒரு பாக்கெட் மாற்றிக் கொடுப்பது அவரவர் விருப்பம். ஆனால் அதை "நட்டம்" என்று மட்டும் எழுதாமல், புளிப்பா, கசப்பா, பாத்திரமா என்று ஒரு சொல் சேர்த்து எழுதி வையுங்கள். ஒரு மாத நோட்டைப் புரட்டினால் எந்தச் சொல் அதிகம் என்பது தெரியும். புளிப்பு மிகுந்தால் வாசலையும் பிரிட்ஜையும் பார்க்க வேண்டும். கசப்பு மிகுந்தால் அடுக்கையும் முகவரையும்.

திரும்ப வந்த பாக்கெட்டுகளை விற்கும் பாலோடு ஒரே பிரிட்ஜில் வைக்கக் கூடாது. முகவருக்குக் காட்ட சீல் உள்ள இரண்டை மட்டும் தனி டப்பாவில் பனிக்கட்டியிட்டு, மேலே "விற்பனைக்கு அல்ல" என்று எழுதி வைத்துவிட்டு, மற்றவற்றைக் குறுக்கே வெட்டிக் கொட்டிவிட்டு, உறைகளை எண்ணி நோட்டோடு சேர்த்துக் கட்டி வைப்பதே கணக்குக்கு வசதி.